லாபம் எங்கிருந்து வருகிறது? ஒரு நூற்றாண்டின் கதை



"பிரதர், ஒரு புது காயின் வந்திருக்கு. இப்பவே சேர்ந்தா முதல் வரிசையில இருக்கலாம். ராத்திரி ஜூம் மீட்டிங். சும்மா வந்து கேட்டுட்டுப் போங்க." அப்பாசியாவில் தங்கி வேலை செய்யும் நம்மில் பலருக்கு இந்த அழைப்பு பழகிப்போன ஒன்று. ரூமில் உடன் தங்கியிருப்பவர் அழைப்பார், ஊர்க்காரர் அழைப்பார், சில வேளை ஆராதனையில் நமக்குப் பக்கத்தில் நின்று பாடுகிறவரே அழைப்பார். அவர் ஏமாற்றுக்காரர் அல்ல என்று நமக்குத் தெரியும். அதனால்தான் முடியாது என்று சொல்லத் தயங்குகிறோம்.

இந்த அழைப்புக்கு நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. தபால் கூப்பன், கம்பெனிப் பங்கு, அந்நியச் செலாவணி, இப்போது கிரிப்டோ என்று காட்டப்படும் பொருள் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. பணம் வந்த வழி மட்டும் மாறவில்லை. அந்த வழியைத் தெரிந்துகொண்டால், நாளைக்கு வேறொரு பெயரில் வந்தாலும் நம்மால் அடையாளம் காண முடியும். அதற்காகவே இந்தக் கட்டுரை.

பாஸ்டன், 1920

சார்லஸ் போன்சி இத்தாலியிலிருந்து 1903-இல் அமெரிக்கா போனவர். பிழைப்பு தேடிக் கடல் கடந்தவர். அந்த வகையில் நம்மைப் போன்றவர். வெளிநாட்டுக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் பதில் தபாலுக்காக அனுப்பும் சர்வதேசக் கூப்பன்களை மலிவான நாட்டில் வாங்கி அமெரிக்காவில் மாற்றினால் லாபம் கிடைக்கும் என்று அவர் சொன்னார். 45 நாளில் 50 சதவீதம் லாபம் என்பது அவர் கொடுத்த வாக்கு. 1920-இன் தொடக்கத்தில் பணம் போட்டவர்களுக்குச் சொன்ன நாளில் பணம் வந்தது. வாங்கியவர்கள் மகிழ்ந்து வீட்டாரிடமும் அண்டை அயலாரிடமும் சொன்னார்கள். ஆள் பிடித்துக் கொடுத்த ஏஜெண்டுகளுக்குக் கமிஷனும் உண்டு. போட்டவர்களில் பலர் அவரைப் போலவே குடியேறிய இத்தாலியர்கள். பாஸ்டன் போலீஸ்காரர்களும் அதில் இருந்தார்கள்.

கணக்குப் பார்த்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. போன்சி வாங்கிய பணத்துக்கு ஏறக்குறைய 16 கோடி கூப்பன்கள் வேண்டும். உலகம் முழுவதும் புழக்கத்தில் இருந்தவையோ சுமார் 27,000 மட்டுமே. கூப்பன் வியாபாரமே நடக்கவில்லை. பின்னால் வந்தவர் போட்ட பணத்தை எடுத்து முன்னால் வந்தவருக்கு லாபம் என்று கொடுத்திருந்தார். 1920 ஆகஸ்டில் கைதானார். இப்படிப்பட்ட மோசடிக்கு உலகம் இன்றுவரை அவர் பெயரையே வைத்திருக்கிறது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். முதலில் பணம் பெற்றவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் கைக்கு வந்த பணம் உண்மையான பணம். எங்கிருந்து வந்தது என்பதுதான் அவர்களுக்குத் தெரியவில்லை.

குவைத், 1982

நாம் வாழும் இந்த நாட்டிலும் ஒரு பெரிய பாடம் நடந்திருக்கிறது. குவைத் நகரில் ஒரு காலத்தில் ஒட்டகங்களை மண்டியிடவைத்து வியாபாரம் செய்த இடத்தில் எழுந்த கட்டடத்தில் 'சூக் அல்-மனாக்' என்ற பங்குச் சந்தை நடந்தது. அரசின் ஒழுங்குமுறைக்கு உட்பட்ட சந்தை வேறு, இது வேறு. பெரும்பாலும் பஹ்ரைனிலும் அமீரகத்திலும் பதிவான கம்பெனிகளின் பங்குகள் இங்கே கைமாறின. ரொக்கம் கொடுக்காமல், பின்தேதி போட்ட செக்கைக் கொடுத்துப் பங்கு வாங்குவது வழக்கமாயிற்று. பங்கு விலை ஏறும், விற்றுச் செக்குக்குப் பணம் கட்டிவிடலாம் என்பது எல்லாருடைய நம்பிக்கை. 1982 ஆகஸ்டில் செக்குகள் பணமாக மாறாமல் திரும்பத் தொடங்கின. கூட்டிப் பார்த்தபோது நிலுவையில் இருந்த செக்குகளின் மொத்தம் சுமார் 9,400 கோடி டாலர். எண்ணெய் வளம் கொழித்த நாட்டையே அது உலுக்கிவிட்டது.

சூக் அல்-மனாக் சங்கிலி வியாபாரம் அல்ல. ஆனால் வருமானம் ஈட்டாத ஒன்றின் விலை, இன்னும் ஒருவர் வாங்குவார் என்ற ஒரே காரணத்தால் ஏறும்போது என்ன நடக்கும் என்பதை அது காட்டுகிறது. படித்தவர்களும் பணக்காரர்களும் அதில் விழுந்தார்கள். ஏமாறுகிறவர்கள் எல்லாரும் அறியாதவர்கள் என்று நாம் நினைக்க வேண்டாம்.

சங்கிலியின் கணக்கு

போன்சி வழியோடு, ஆள் சேர்ப்பவருக்கு வரிசை வரிசையாகக் கமிஷன் என்ற எம்எல்எம் முறையும் சேர்ந்தபோது மோசடிக்குக் கால் முளைத்தது. இனிமேல் நடத்துகிறவர் ஊர் ஊராகப் போக வேண்டியதில்லை. சேர்ந்தவர்களே தங்கள் செலவில், தங்கள் நல்ல பெயரை வைத்து ஆள் சேர்ப்பார்கள்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஒருவர் 6 பேரைச் சேர்க்கிறார். அந்த 6 பேரும் ஆளுக்கு 6 பேரைச் சேர்க்கிறார்கள். இப்படியே போனால் பத்தாவது வரிசை நிறையும்போது மொத்தம் 7.25 கோடிப் பேர் வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7.21 கோடி! அதாவது கைக்குழந்தை முதல் கிழவர் வரை எல்லாரும் சேர்ந்தாலும் பத்தாவது வரிசை நிறையாது. அப்படியே நிறைந்தாலும், அந்தக் கடைசி வரிசையில் மட்டும் 6 கோடிக்கு மேற்பட்டவர்கள் இருப்பார்கள். அவர்களுக்குக் கீழே ஒருவரும் இல்லை. பணம் போனது அவர்களுக்குத்தான். எந்த வரிசையில் சங்கிலி அறுந்தாலும் கணக்கு இதுதான்: நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் கடைசி வரிசையில் நிற்பார்கள்.

"அப்படியானால் நாம் ரூமில் போடுகிற சீட்டும் இதுதானே?" என்று யாராவது கேட்கலாம். இல்லை. சீட்டில் இருபது பேர் என்றால் இருபது பேர்தான். யார் பணம் யாருக்குப் போகிறது என்று எல்லாருக்கும் தெரியும். இருபது மாதத்தில் கணக்கு முடிந்துவிடும். சீட்டிலும் ஏமாற்றுகிறவர்கள் உண்டு. ஆனால் அது நடப்பதற்கு வெளியிலிருந்து புது ஆட்கள் வந்துகொண்டே இருக்க வேண்டியதில்லை. சங்கிலிக்கு வேண்டும்.

இந்தியாவில் இதற்கு 1978-லேயே சட்டம் வந்துவிட்டது. பணச் சுழற்சித் திட்டங்களைத் தடை செய்யும் அந்தச் சட்டத்தின்படி இப்படிப்பட்ட திட்டத்தை நடத்துவது மட்டுமல்ல, அதில் உறுப்பினராகச் சேர்வதும் தடை செய்யப்பட்டிருக்கிறது. "நான் வெறும் மெம்பர்தானே" என்பது சட்டத்தின் முன் பாதுகாப்பான பதில் அல்ல.

காயின் வந்த பிறகு

பிட்காயின் 2009 ஜனவரியில் தொடங்கியது. அதன் கணக்கேடு உலகில் யாரும் பார்க்கக்கூடிய பிளாக்செயினில் இருக்கிறது. அதன் விலை ஏறி இறங்குவதில் ஆபத்து உண்டு. ஆனால் ஆள் சேர்த்தால் கமிஷன் என்பது அதன் அமைப்பில் இல்லை. பிட்காயினை ஆரம்பத்தில் வாங்கியவர்கள் பணக்காரர் ஆன செய்தி பரவியதும், "அதைத் தவறவிட்டாய், இதையாவது பிடி" என்று சொல்ல ஒரு கூட்டம் எழும்பியது.

அவர்களில் பெயர்போனவர் பல்கேரியாவில் பிறந்த ரூஜா இக்னாட்டோவா. 2014-இல் ஒன்காயின் திட்டத்தைத் தொடங்கினார். சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். மெக்கின்சி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். இவையெல்லாம் உண்மை. ஃபோர்ப்ஸ் பல்கேரியப் பதிப்பில் காசு கொடுத்துப் போட்ட விளம்பரத்தை அட்டைப்படம் போலக் காட்டினார்கள், அது பொய். ஒன்காயின் லிமிடெட் துபாயில் பதிவான நிறுவனம். விற்றது என்னவோ 'கல்விப் பேக்கேஜ்'. 100 யூரோவில் தொடங்கி ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட யூரோ வரை பல விலைகளில் இருந்தது. பேக்கேஜ் வாங்கினால் டோக்கன், டோக்கனிலிருந்து காயின், கீழே ஆள் சேர்த்தால் கமிஷன். 2016 ஜூனில் லண்டன் வெம்பிளி அரங்கில் ஆயிரக்கணக்கானோர் கைதட்ட அவர் மேடையேறினார்.

போட்டவர்களின் திரையில் காயினின் விலை ஏறிக்கொண்டே இருந்தது. அந்த விலையைச் சந்தை தீர்மானிக்கவில்லை, கம்பெனியே எழுதியது. பின்னால் உண்மையான பிளாக்செயினே இல்லை. ஆரம்பிக்கும் காலத்திலேயே, திட்டம் தோற்றால் பணத்தை எடுத்துக்கொண்டு வேறொருவர்மேல் பழியைப் போட்டுவிட்டு ஓடலாம் என்று ரூஜா தன் கூட்டாளிக்கு எழுதிய மின்னஞ்சலை அமெரிக்க அரசு வழக்கறிஞர்கள் வெளியிட்டார்கள். 2017 ஏப்ரலில் நவி மும்பையில் ஒன்காயின் ஆள்சேர்ப்புக் கூட்டத்தில் போலீஸ் நுழைந்து 18 பேரைக் கைது செய்தது. அதே ஆண்டு அக்டோபர் 25-ஆம் தேதி சோபியாவிலிருந்து ஏதென்ஸுக்கு விமானம் ஏறிய ரூஜா அதன்பின் காணப்படவில்லை. உலகம் முழுவதும் 35 லட்சம் பேர், 400 கோடி டாலர் என்பது அமெரிக்க வழக்கின் கணக்கு. கூட்டாளி செபாஸ்டியன் கிரீன்வுட்டுக்கு 2023 செப்டம்பரில் 20 ஆண்டுச் சிறை. ரூஜாவைப் பிடிக்கத் தகவல் தருவோருக்கு 50 லட்சம் டாலர் வரை பரிசு என்று 2024-இல் அமெரிக்கா அறிவித்தது.

நம் நாட்டிலும் பிறந்தவை உண்டு. அமித் பரத்வாஜ் 2015-இல் தொடங்கிய கெயின்பிட்காயின், பிட்காயினைக் கொடுத்தால் மாதம் 10 சதவீதம் வீதம் 18 மாதம் பிட்காயினாகவே திருப்பித் தருவதாகச் சொன்னது. இங்கும் ஆள் சேர்த்தவருக்குக் கமிஷன். 2017-இல் பிட்காயினின் விலை பல மடங்கு ஏறியபோது சொன்னபடி கொடுக்க முடியாமல், எம்கேப் என்ற தங்கள் சொந்தக் காயினைக் கையில் கொடுத்தார்கள். அதற்கு மதிப்பில்லை. 2018-இல் கைதான பரத்வாஜ், வழக்கு முடியும் முன்னே 2022 ஜனவரியில் இறந்துபோனார். போட்டவர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள். பிட்கனெக்ட் என்ற இன்னொரு திட்டம் மாதம் 40 சதவீதம் வரை ஆசை காட்டி 2018 ஜனவரியில் மூடியது. அதன் நிறுவனர் சூரத்தைச் சேர்ந்த சதீஷ் கும்பானி என்று 2022-இல் அமெரிக்காவில் குற்றப்பத்திரிகை தாக்கலானது. அந்த வழக்கு சொல்லும் தொகை 240 கோடி டாலர்.

சட்டம் கடைசியில் பிடித்துவிடும், பணம் வந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் திருப்பூரை நினைத்துப் பார்க்கட்டும். அந்நியச் செலாவணி வியாபாரம் என்று சொல்லி மக்களிடம் பணம் வாங்கிய பாசி நிறுவனத்தின்மேல் 2009-இல் வழக்கு பதிவானது. ரூ.930 கோடி மோசடி. இரண்டு பேருக்கு 27 ஆண்டுச் சிறை என்று கோவை நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2022 ஆகஸ்டில். மகளின் கல்யாணத்துக்கு என்று போட்டவருக்கு 13 ஆண்டு என்பது எவ்வளவு காலம் என்று சொல்ல வேண்டியதில்லை.

சபையின் வாசலில்

இப்போது நமக்கு நேராக வரும் பகுதி. பசிபிக் பெருங்கடலில் சமோவா என்ற சின்னத் தீவு நாடு இருக்கிறது. மக்கள் பெரும்பாலும் கிறிஸ்தவர்கள். நம்மைப் போலவே அவர்களில் பலர் நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் உழைத்து வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவர்கள். 2018-இல் சமோவா மத்திய வங்கி ஒன்காயினைத் தடை செய்தது. வெளிநாட்டில் வாழும் சமோவா மக்களின் பணம் சபைகள் வழியாகவே இந்தத் திட்டத்துக்குள் போனது என்பதும் பிறகு வெளிவந்தது. வீட்டுக்கு அரிசியும் பள்ளிக் கட்டணமும் ஆக வேண்டிய பணம் அது.

2024 ஜனவரியில் அமெரிக்காவின் கொலராடோ மாநில அதிகாரிகள் ஓர் இணையச் சபைப் போதகர்மேலும் அவர் மனைவிமேலும் வழக்கு தொடுத்தார்கள். அவர்கள் உருவாக்கிய காயினைக் கிறிஸ்தவர்களுக்கு விற்று, 300-க்கும் அதிகமானோரிடமிருந்து சுமார் 32 லட்சம் டாலர் திரட்டினார்கள் என்பது குற்றச்சாட்டு. கர்த்தரே சொன்னார் என்று சொல்லி விற்கப்பட்ட காயின் அது.

சபை ஏன் இவர்களுக்கு வசதியாக இருக்கிறது? அங்கே நம்பிக்கை ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கிறது. பல ஆண்டு ஜெபத்தில், வியாதியில், மரண வீட்டில் கூட நின்றதில் உண்டான நம்பிக்கை அது. வெளி ஆள் அதைக் காசு கொடுத்து வாங்க முடியாது. நம்மில் ஒருவரைப் பிடித்தால் போதும், மொத்தமும் கிடைத்துவிடும். அவர்களுடைய கூட்டங்களைப் பார்த்திருக்கிறவர்களுக்குத் தெரியும்: பாட்டு, கைதட்டல், "நான் கடனில் இருந்தேன், இன்று கார் வாங்கினேன்" என்ற சாட்சி, கடைசியில் முன்வரும்படி ஓர் அழைப்பு. நம்முடைய எழுப்புதல் கூட்டத்தின் அச்சு அது. சந்தேகம் கேட்கிறவரை "நெகட்டிவ் ஆள்" என்பார்கள்; விசுவாசக் குறைவு என்று கூடச் சொல்வார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. பணம் போனபின் யாரும் வாய் திறப்பதில்லை. சேர்த்துவிட்டவர் அண்ணனாக, மச்சானாக, பாடகர் குழுவில் கூடப் பாடுகிறவராக இருந்தால் யார்மேல் புகார் கொடுப்பது? மௌனமாக இருவரும் வேறு வேறு வரிசையில் உட்காரத் தொடங்குவார்கள். பிறகு ஒருவர் சபைக்கு வருவதை நிறுத்திவிடுவார். அந்த இழப்புக்கு எந்த வழக்கிலும் கணக்கு இல்லை.

வளைகுடாவில் கூடுதல் ஆபத்து

துபாயில் எக்ஸென்ஷியல் என்ற நிறுவனம் 25,000 டாலர் போட்டால் ஆண்டுக்கு 120 சதவீதம் என்று ஆசை காட்டியது. கையில் அவ்வளவு இல்லாதவர்கள் சம்பளச் சான்றிதழைக் காட்டி வங்கிக் கடன் எடுத்துப் போட்டார்கள். 2016-இல் அது மூடப்பட்டது. 2018-இல் துபாய் நீதிமன்றம் நடத்தியவர்களுக்கு 500 ஆண்டுகளுக்கு மேல் சிறைத் தண்டனை விதித்தது. தண்டனை எத்தனை நூறு ஆண்டு ஆனாலும், கடன் எடுத்தவரின் மாதத் தவணை நிற்கவில்லை. வளைகுடாவில் கடன் கட்டத் தவறினால் பயணத் தடை வரலாம். அப்பா இறந்த செய்தி வந்தாலும் ஊருக்குப் போக முடியாத நிலை அது.

குவைத்தில் நிலைமை இன்னும் தெளிவு. 2023 ஜூலையில் மூலதனச் சந்தை ஆணையம் கிரிப்டோ சொத்துக்களைப் பணமாகக் கொடுப்பது, முதலீடாகப் பயன்படுத்துவது, மைனிங் செய்வது ஆகியவற்றைத் தடை செய்தது. இத்தொழிலுக்கு உரிமமும் கிடையாது. ஆகவே "குவைத்தில் எங்களுக்கு லைசென்ஸ் இருக்கிறது" என்று ஒரு காயின் கம்பெனி சொன்னால், மேற்கொண்டு கேட்கவே வேண்டாம்.

கேட்க வேண்டியவை

இந்த வரலாற்றிலிருந்து சில கேள்விகளை நாம் எடுத்துக்கொள்ளலாம். அழைக்கிறவரிடம் கோபப்படாமல், அன்போடே கேட்கலாம்.

நான் ஒருவரையும் சேர்க்காவிட்டால் எனக்கு லாபம் வருமா? வந்தால், எந்த வியாபாரத்திலிருந்து வரும்? இதற்குச் "சிஸ்டம் பார்த்துக்கொள்ளும்" என்பது பதில் அல்ல.

இந்தக் காயினைக் கம்பெனியின் ஆப்புக்கு வெளியே, அறிமுகமில்லாத ஒருவர் பணம் கொடுத்து வாங்குவாரா? இல்லையென்றால் திரையில் தெரிவது வெறும் எண்.

போட்ட முழு முதலையும் இன்றே எடுக்க முடியுமா? நூறு டாலர் எடுத்துக் காட்டுவது சான்று அல்ல, போன்சியும் கொடுத்தார். எடுக்கும் முன் வரி கட்டு, கட்டணம் கட்டு என்றால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மாதம் இத்தனை சதவீதம் உறுதி என்று எப்படிச் சொல்கிறார்கள்? வங்கி ஆண்டு முழுவதற்கும் கொடுப்பதை ஒரே மாதத்தில் தருகிறவர், ஏன் வங்கியில் மலிவான வட்டிக்குக் கடன் எடுக்காமல் நம்முடைய சம்பளத்தைத் தேடி வருகிறார்?

இன்று இரவுக்குள் முடிவு எடு, வெளியே சொல்லாதே என்கிறார்களா? நல்ல முதலீடு நாளைக்கும் இருக்கும்.

ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்கள் நம்மில் இருந்தால், மேலும் பணம் போடாதீர்கள். போனதை எடுப்பதற்காக இன்னொருவரைச் சேர்க்காதீர்கள்; அங்கேதான் ஏமாந்தவர் ஏமாற்றுகிறவராக மாறுகிறார். வாட்ஸ்அப் செய்திகள், பணம் அனுப்பிய ரசீதுகள், ஸ்கிரீன்ஷாட்கள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். ஊரிலிருந்து பணம் போயிருந்தால் வீட்டார் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிலும் தமிழ்நாட்டின் பொருளாதாரக் குற்றப்பிரிவிலும் உடனே புகார் கொடுக்கலாம். "போன பணத்தை மீட்டுத் தருகிறோம், முதலில் கட்டணம் அனுப்புங்கள்" என்று வருகிறவர்கள் அடுத்த மோசடிக்காரர்கள். ஆள் சேர்த்துக் கமிஷன் பெற்றவர்களுக்குச் சகேயுவின் வழி திறந்திருக்கிறது. இயேசு அவன் வீட்டில் தங்கின நாளில் அவன் திருப்பிக் கொடுப்பதைப் பற்றிப் பேசினான் (லூக்கா 19).

சபையாக நாம் செய்யக்கூடியதும் உண்டு. ஆராதனை நடக்கும் இடத்திலும் வாலிபர் வாட்ஸ்அப் குழுவிலும் எந்த முதலீட்டுத் திட்டத்தையும் பேசுவதில்லை என்று ஒரு தீர்மானம் எடுக்கலாம். ஏமாந்து வந்து சொல்கிறவரைப் பரிகாசம் செய்யாமல், ஆகாரமும் வாடகையும் இருக்கிறதா என்று முதலில் விசாரிக்கலாம். வெட்கப்படாமல் சொல்ல இடம் இருந்தால், ஒருவரோடே நின்றுவிடும். இடம் இல்லாவிட்டால் பத்துப் பேர் ஆகும்.

பெரோயா பட்டணத்தாரை வேதம் நற்குணசாலிகள் என்கிறது (அப்போஸ்தலர் 17). பவுல் வந்து பிரசங்கித்தபோதும், அவர் சொன்னது அப்படித்தானா என்று அவர்கள் நாள்தோறும் வேதத்தில் பார்த்தார்கள். பவுல் கோபப்படவில்லை. அப்போஸ்தலனின் வார்த்தையையே சோதித்துப் பார்த்தவர்கள் பாராட்டப்பட்டார்கள் என்றால், மாதம் முப்பது சதவீதம் என்று சொல்கிற நண்பரிடம் "பணம் எங்கிருந்து வருகிறது, பிரதர்?" என்று கேட்பது அவிசுவாசம் அல்ல. அடுத்த அழைப்பு வரும்போது அதைக் கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால், அந்த நண்பரையும் கையைப் பிடித்து வெளியே அழைத்து வாருங்கள்.